கலிஃபோர்னியாவில் ஏன் ஒரு கறுப்பினக் கல்லூரி இல்லை? அங்குள்ள பிள்ளைகள் எப்படிச் சேர்கிறார்கள்?

கேட்கப்பட்ட கேள்வி இது: "அமெரிக்காவில் ஹெச்.பி.சி.யூ. என்று சொல்லப்படும் வரலாற்றுக் கறுப்பினக் கல்லூரிகள் பெரும்பாலும் தெற்கிலேயே இருக்கின்றன. கலிஃபோர்னியா மாதிரி இடங்களில் புதிதாக ஒன்றைத் தொடங்க முடியாதா? முடியாதென்றால் அந்தப் பக்கத்து மாணவர்களுக்கு என்ன வழி?"

சுருக்கமாகச் சொன்னால், கல்லூரி தொடங்கலாம், அதற்கு ஹெச்.பி.சி.யூ. என்ற அந்தஸ்து மட்டும் கிடைக்காது. சட்டம் ஒரு தேதியைப் போட்டுக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறது. மாணவர்களுக்கு வழி இருக்கிறது, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட நல்ல வழியே இருக்கிறது. ஆனால் அது கட்டடம் கட்டுகிற வழி அல்ல, கட்டணமும், படித்த பாடத்துக்குக் கிடைக்கும் கிரெடிட்டும் சம்பந்தப்பட்ட வழி. நான் கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில், அதாவது கட்டணம் குறைந்த ஈராண்டு அரசுக் கல்லூரியில், மாணவர்களை நாலாண்டுக் கல்லூரிகளுக்கு மாற்றிவிடும் பிரிவில் வேலை பார்க்கிறவன். அதனால் இந்த இரண்டாவது பகுதியில் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தத் தேதி. 1965-ல் வந்த உயர்கல்விச் சட்டம்தான் ஹெச்.பி.சி.யூ. என்றால் என்ன என்று வரையறுக்கிறது. 1964-க்கு முன் நிறுவப்பட்டிருக்க வேண்டும், கறுப்பின அமெரிக்கர்களுக்குக் கல்வி தருவதே முதன்மை நோக்கமாக இருந்திருக்க வேண்டும், இன்றும் இருக்க வேண்டும், முறையான அங்கீகாரமும் வேண்டும். 1964 என்ற ஆண்டுக்குக் காரணம் புரிகிறது. அதற்குமுன் கறுப்பின மாணவர்களுக்குப் பெரும்பாலான கதவுகள் மூடியிருந்தன, அந்தக் காலத்தில் அவர்களைத் தாங்கிய கல்லூரிகளுக்கு அரசு பட்ட கடனைத் திருப்பித் தருவதுதான் இந்த நிதியின் அடிப்படை.

ஆனால் தேதி என்று ஒன்றைப் போட்டால் விசித்திரங்களும் வரும். அமெரிக்க வர்ஜின் தீவுகளில் 1962-ல் தொடங்கிய கல்லூரி பட்டியலில் இருக்கிறது. நியூயார்க்கின் புரூக்ளினில், கறுப்பின மக்கள் நடுவில், அவர்களுக்காகவே 1970-ல் தொடங்கிய மெட்கர் எவர்ஸ் கல்லூரி பட்டியலில் இல்லை. சிகாகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் வயது 150-ஐத் தாண்டிவிட்டது, மாணவர்களில் பெரும்பான்மை கறுப்பினத்தவர். ஆனால் அது தொடங்கியபோது அந்த நோக்கத்தோடு தொடங்கவில்லை, அதனால் அதுவும் இல்லை. மேற்கு வர்ஜீனியாவின் புளூஃபீல்ட் ஸ்டேட்டில் மாணவர்களில் பெரும்பான்மை வெள்ளையர். அது பட்டியலில் உண்டு! முதன்முறை இதைக் கேட்ட என் மாணவி ஒருத்தி, "சார், நீங்க மாத்திச் சொல்லிட்டீங்க" என்று என்னைத் திருத்தினாள்.

இப்போது இடம். ஏறக்குறைய நூறு கல்லூரிகள், 19 மாநிலங்கள், அப்புறம் தலைநகர் வாஷிங்டனும் வர்ஜின் தீவுகளும். மேற்கே கடைசியாக நிற்பது டெக்சாஸின் சான் அன்டோனியோவில் உள்ள செயின்ட் பிலிப்ஸ் கல்லூரி. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து அதற்கே காரில் போனால் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். அந்தக் கோட்டுக்கு மேற்கே, பசிபிக் கரை வரைக்கும் ஒன்றும் கிடையாது.

ஏன் இப்படி? உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தளை அறுந்தபோது கறுப்பின மக்களில் மிகப் பெரும்பாலோர் தெற்கில்தான் இருந்தார்கள். தேவாலயங்களும், அமெரிக்க மிஷனரி சங்கம் போன்ற அமைப்புகளும், விடுதலை பெற்றவர்களே சேர்த்த காசும் சேர்ந்து அங்கேயே பள்ளிகள் முளைத்தன. ஃபிஸ்க் 1866, ஹோவர்ட் 1867, ஹாம்ப்டன் 1868. பெண்களுக்கான ஸ்பெல்மன் 1881-ல் அட்லாண்டாவில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் தொடங்கியது. 1890-ல் வந்த இரண்டாவது மோரில் சட்டம், மாநிலத்தின் வேளாண் கல்லூரியில் கறுப்பினத்தவரைச் சேர்க்க மறுத்தால் அவர்களுக்குத் தனியாக ஒன்று நடத்தியாக வேண்டும் என்றது. தெற்கு மாநிலங்கள் தனியாகவே நடத்தின. பிறகு 1910-லிருந்து 1970 வரை ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வடக்குக்கும் மேற்குக்கும் போனார்கள். டெட்ராய்ட்டுக்குக் கார் தொழிற்சாலைக்குப் போனார்கள், ஓக்லண்டுக்குக் கப்பல் கட்டும் தளத்துக்குப் போனார்கள். ஆட்கள் போய்விட்டார்கள், கல்லூரிகள் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன.

மேற்கில் யாரும் முயலவில்லையா என்றால், முயன்றார்கள். அந்தக் கதையைச் சொல்லாமல் கலிஃபோர்னியாவைப் பற்றிப் பேச எனக்கு மனம் வராது.

ஆலன் ஆலன்ஸ்வொர்த் என்று ஒருவர். 1842-ல் கென்டக்கியில் அடிமையாகப் பிறந்தவர். ராணுவத்தில் மதகுருவாகப் பணியாற்றி, லெப்டினன்ட் கர்னலாக 1906-ல் ஓய்வு பெற்றார். அதுவரை எந்தக் கறுப்பின அதிகாரியும் எட்டாத பதவி அது. 1908-ல் சில நண்பர்களோடு சேர்ந்து கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில், பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு வடக்கே, ஓர் ஊரையே நிறுவினார். கறுப்பினத்தவரே உருவாக்கி, கறுப்பினத்தவரே நிர்வகித்த ஊர். பள்ளிக்கூடம், நூலகம், தபால் நிலையம், தேவாலயம் எல்லாம் வந்தன. அடுத்ததாக அவர்கள் ஆசைப்பட்டது ஒரு தொழிற்கல்லூரி. அலபாமாவில் புக்கர் டி. வாஷிங்டன் நடத்திய டஸ்கீகியைப் போல மேற்குக்கு ஒன்று.

1914-ல் மூன்று அடிகள் விழுந்தன. நிலம் விற்ற நிறுவனம் ஒப்புக்கொண்ட அளவுக்குத் தண்ணீர் தரவில்லை. ரயில் நிறுத்தம் பக்கத்து ஊரான ஆல்பாவுக்குப் போய்விட்டது. செப்டம்பரில் மன்ரோவியா என்ற ஊரில் தெருவைக் கடக்கும்போது ஒரு மோட்டார் சைக்கிள் மோதி கர்னல் இறந்துபோனார். மறு ஆண்டு கல்லூரிக்கான மசோதா மாநிலச் சட்டமன்றத்தில் தோற்றது.

இதில் நான் அடிக்கடி யோசிப்பது, மசோதாவை எதிர்த்தவர்கள் யார் என்பதைத்தான். கலிஃபோர்னியாவின் கறுப்பினத் தலைவர்களிலேயே ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். "இங்கே பல்கலைக்கழகம் சட்டப்படி நமக்கும் திறந்திருக்கிறது. நமக்கென்று தனியாக ஒன்றைக் கேட்டு வாங்கினால், நாளைக்கு அதையே காட்டி 'உங்கள் கல்லூரிக்குப் போங்கள்' என்று விரட்டுவார்கள்" என்பது அவர்கள் பயம். தெற்கில் நடந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள், பயம் நியாயம்தான். ஆலன்ஸ்வொர்த்தின் ஆசையும் நியாயம்தான். அந்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. இன்று அந்த ஊர் ஒரு மாநில வரலாற்றுப் பூங்கா. பள்ளிக்கூடத்தைப் பழையபடி புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் காய்ந்த வெளி. பக்கத்திலேயே ரயில் பாதை ஓடுகிறது.

ஐம்பது ஆண்டுகள் கழித்து மேற்கில் ஒன்று எழுந்தது, அதுவும் கலவரத்துக்குப் பிறகு. 1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதி பற்றி எரிந்தது. அந்தப் பகுதியில் சரியான மருத்துவ வசதியே இல்லை என்பது விசாரணையில் வெளிப்பட, 1966-ல் உருவானதுதான் இன்றைய சார்லஸ் டிரூ மருத்துவ, அறிவியல் பல்கலைக்கழகம். இரண்டே ஆண்டு வித்தியாசத்தில் ஹெச்.பி.சி.யூ. கோட்டுக்கு வெளியே நிற்கிறது. சட்டத்தில் முதுநிலைப் படிப்புகளுக்கென்று இருக்கும் வேறொரு பிரிவில் அதன் பெயரைத் தனியாகச் சேர்த்து நிதிக்கு வழிசெய்தார்கள். சொந்தமாக எம்.டி. படிப்பு (அமெரிக்காவில் மருத்துவரின் அடிப்படைப் பட்டம் இதுதான்) நடத்த 2022-ல் முதற்கட்ட அங்கீகாரம் கிடைத்தது, 2023 கோடையில் 60 பேரோடு முதல் வகுப்பு தொடங்கியது. ஆரம்பித்து 57 ஆண்டு கழித்து! புதிய பகுதியில் ஒரு நிறுவனத்தைக் கால் ஊன்ற வைப்பதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

புதிதாகத் தொடங்க முடியாதென்றால், செத்துப்போன பழையதை எழுப்பலாமா? எழுப்பியிருக்கிறார்கள். டெட்ராய்ட்டில் வயலட் லூயிஸ் என்ற பெண்மணி நடத்திய வணிகக் கல்லூரி, 1928-ல் இண்டியானாபொலிஸில் தொடங்கி 1939-ல் டெட்ராய்ட்டுக்கு வந்தது. மிச்சிகனின் ஒரே ஹெச்.பி.சி.யூ. அதுதான். 2013-ல் மூடிவிட்டார்கள். காலணி வடிவமைப்பில் பேர்போன டிவெய்ன் எட்வர்ட்ஸ் அதன் உரிமையை வாங்கி, மிச்சிகன் சட்டமன்றத்தில் ஒரு சட்டமும் வரவைத்து, 2022-ல் பென்சோல் லூயிஸ் என்ற பெயரில் வடிவமைப்புக் கல்லூரியாகத் திறந்தார். கென்டக்கியின் சிமன்ஸ் கல்லூரி 1879-ல் பிறந்தது, பெருமந்தக் காலத்தில் வளாகத்தையே இழந்தது, 2015-ல் மீண்டும் பட்டியலுக்குள் வந்தது. பழைய பிறப்புச் சான்றிதழ் கையில் இருந்தால் இந்த வழி உண்டு. கலிஃபோர்னியாவிடம் அந்தச் சான்றிதழ் இல்லை. ஆலன்ஸ்வொர்த்தின் மசோதா ஜெயித்திருந்தால் இருந்திருக்கும்.

கிளை வளாகம்? அட்லாண்டாவிலிருந்தோ வாஷிங்டனிலிருந்தோ ஒரு கல்லூரி சான் பிரான்சிஸ்கோவில் கிளை திறக்கலாமே என்று பலரும் கேட்கிறார்கள். சட்டத்தில் தடையில்லை. இன்னொரு மாநிலத்தின் அனுமதி, அங்கீகார அமைப்பின் ஒப்புதல் என்று காகித வேலை நிறைய, அதைக்கூடச் செய்துவிடலாம். காசுதான் இடிக்கிறது. 1890 சட்டத்தின் கீழ் வந்த கறுப்பினப் பல்கலைக்கழகங்களுக்கு, அதே மாநிலத்தின் வெள்ளையர் கல்லூரிக்கு இணையாகத் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்திருந்தால், முப்பது ஆண்டுகளில் 1,200 கோடி டாலருக்கு மேல் கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்று 2023-ல் ஒன்றிய அரசின் கல்வி, வேளாண் அமைச்சர்கள் 16 ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். டென்னசி ஸ்டேட்டுக்கு மட்டும் 210 கோடி. அதே டென்னசி ஸ்டேட், 2022-ல் விடுதியில் இடம் போதாமல் மாணவர்களை ஓட்டல்களில் தங்க வைத்தது. சொந்த ஊரில் கூரை ஒழுகுகிறவனைப் போய் வெளியூரில் மாடி வீடு கட்டு என்று எப்படிச் சொல்வது?

அதனால் சில கல்லூரிகள் கிளைக்குப் பதில் ஆட்களை அனுப்பிப் பார்த்தன. 2017-ல் ஹோவர்டும் கூகுளும் சேர்ந்து 'ஹோவர்ட் வெஸ்ட்' என்று மவுண்டன் வியூவில் நடத்தினார்கள். கணினி அறிவியல் மாணவர்கள் கூகுள் வளாகத்திலேயே படித்தார்கள், மறு ஆண்டு வேறு கல்லூரிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். 2024 கோடையில் சான் பிரான்சிஸ்கோ நகராட்சியும் தெற்கத்தி மாணவர்களை வரவழைத்துத் தங்கவைத்தது. நல்ல முயற்சிகள்தான். ஆனால் ஓக்லண்டில் இருக்கும் பிள்ளைக்கு இதனால் என்ன கிடைத்தது? அவளுக்கு வேண்டியது இங்கிருந்து அங்கே போகிற வழி.

இங்கே நம் ஆட்களுக்குப் பழக்கமான ஒரு பெயரைச் சொல்லலாம். கமலா ஹாரிஸ். சென்னையில் பிறந்த ஷியாமளா கோபாலன் பெர்க்லிக்குப் படிக்க வந்தார், மகள் ஓக்லண்டில் பிறந்தார். மான்ட்ரியலில் பள்ளிப் படிப்பை முடித்த அந்த மகள் போய்ச் சேர்ந்தது வாஷிங்டனில் உள்ள ஹோவர்டில், பட்டம் பெற்றது 1986-ல். "பெர்க்லி வீட்டு வாசலில் இருக்கும்போது அங்கே ஏன் போக வேண்டும்?" என்று 2020-ல் எனக்குத் தெரிந்த தமிழர்கள் பாதிப் பேர் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்வி. வகுப்பில் ஒரே கறுப்பினப் பிள்ளையாக உட்கார்ந்து பழகியவர்களிடம் கேட்டால் பதில் உடனே வரும். என் மாணவர் ஒருவர் சொன்னது: "அங்கே நான் தப்பா பதில் சொன்னா, தப்பு சொன்னது நான் மட்டும்தான். இங்கே என் இனமே தப்பு சொன்ன மாதிரி ஆகிடும்."

சரி, வழிக்கு வருவோம்.

2015 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ் அமைப்பு, டஸ்கீகி, டில்லர்ட் உள்ளிட்ட ஒன்பது ஹெச்.பி.சி.யூ.க்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. இப்போது கல்லூரிகளின் எண்ணிக்கை மூன்று டஜனைத் தாண்டிவிட்டது. கலிஃபோர்னியாவில் இருக்கும் 116 கம்யூனிட்டி காலேஜ்களில் எதில் படித்தாலும், குறிப்பிட்ட பாடங்களை முடித்து ஜி.பி.ஏ. எனப்படும் சராசரி மதிப்பெண் நாலுக்கு 2.5 வைத்திருந்தால் இடம் உறுதி. அசோசியேட் என்ற ஈராண்டுப் பட்டத்தை முடித்தவர் மூன்றாம் ஆண்டில் போய் உட்காரலாம். 30 யூனிட், அதாவது ஏறக்குறைய ஓராண்டுப் பாடங்கள், மட்டும் முடித்துவிட்டுக் கிளம்பவும் ஒரு வழி உண்டு.

உறுதி என்ற இந்த வார்த்தையின் மதிப்பு, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு உடனே பிடிபடாது. ஒப்பந்தத்துக்கு முன் ஒரு மாணவர் அட்லாண்டாவுக்குப் போனால், இங்கே படித்த புள்ளியியல் பாடத்தை அங்கே ஏற்பார்களா மாட்டார்களா என்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும். ஒரு பாடம் போனால் ஒரு பருவம் போகும், பருவம் போனால் ஆயிரக்கணக்கில் டாலர் போகும். இந்த ஒப்பந்தம் இல்லாத ஒரு கல்லூரிக்குப் போன என் பழைய மாணவி ஒருத்தி, ஏற்கெனவே 'ஏ' வாங்கிய அதே ஆங்கிலப் பாடத்தை மறுபடியும் காசு கட்டிப் படித்தாள். யார் தவறு என்று சொல்லத் தெரியவில்லை. பாட எண் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது பணம். கலிஃபோர்னியா அரசின் 'கால் கிராண்ட்' உதவித்தொகை மாநில எல்லையைத் தாண்டாது. இங்கே படித்தால் ஏழைப் பிள்ளைக்குக் கட்டணமே இல்லாமல் போகலாம், அதே பிள்ளை அலபாமாவுக்குப் போனால் வெளிமாநிலக் கட்டணம் முழுதாக விழும். 2023-ல் ஒரு சட்டம் போட்டு, கம்யூனிட்டி காலேஜிலிருந்து ஹெச்.பி.சி.யூ.வுக்கு மாறுகிறவர்களுக்கு ஒருமுறை மட்டும் 5,000 டாலர் வரை தர வழிசெய்தார்கள். ஒன்றுமில்லாததற்கு இது மேல். இரண்டு ஆண்டுச் செலவுக்கு முன்னால் பார்த்தால், விமான டிக்கெட்டுக்கும் முதல் மாத வாடகைக்கும் சரியாகப் போகும்.

என்னைக் கேட்டால் புதிய பகுதிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டதில் பெரிய காரியம் செய்தது வட கரோலினா மாநிலம். அங்கே எலிசபெத் சிட்டி ஸ்டேட் என்ற சின்ன ஹெச்.பி.சி.யூ. மாணவர் எண்ணிக்கை சரிந்து, மூடிவிடுவார்களோ என்று பேச்சு அடிபட்ட கல்லூரி. 2018-லிருந்து அங்கே கல்விக் கட்டணம் மாநிலத்து மாணவருக்குப் பருவத்துக்கு 500 டாலர், வெளிமாநிலத்தவருக்கு 2,500 டாலர். பின்னாளில் ஃபேயட்வில் ஸ்டேட் என்ற இன்னொரு கறுப்பினப் பல்கலைக்கழகமும் இந்தக் கட்டணத் திட்டத்தில் சேர்ந்தது. தங்கவும் சாப்பிடவும் தனியாக ஆகும், அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் இந்த ஒரு எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் என் அறையில் பல பெற்றோர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வார்கள். அதே மாநிலம், முதலாண்டில் வெளிமாநில மாணவர்கள் 18 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்ற பழைய உச்சவரம்பையும் கறுப்பினப் பல்கலைக்கழகங்களுக்குத் தளர்த்தியது. மேற்குக் கரையில் ஒரு செங்கல்கூட வைக்காமல் அவர்கள் செய்தது இது.

புதிய வளாகம் வேண்டும் என்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் ஆண்டுக்கொரு முறை லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் நடக்கும் கறுப்பினக் கல்லூரிக் கண்காட்சியில் ஒரு நாள் நின்று பார்க்கச் சொல்வேன். பெரிய கூடம், வாசலில் முரசு முழக்கம், வரிசையாக மேசைகள். மாணவர்கள் பிளாஸ்டிக் உறையில் மதிப்பெண் பட்டியலின் நாலைந்து நகல் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பேனாவைப் பட்டியலின் ஓரமாக மேலிருந்து கீழே ஓட்டுவார், இரண்டு கேள்வி கேட்பார், அங்கேயே அனுமதி தந்துவிடுவார். சில சமயம் உதவித்தொகையும் அங்கேயே எழுதப்படும். கூடம் முழுக்கக் கைதட்டும்.

போன முறை எனக்கு முன்னால் நின்ற பையனுக்கு அப்படிக் கிடைத்தது. அவன் துள்ளிக்கொண்டிருந்தான். அவன் அம்மா கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, அந்த அலுவலரிடம் ஒன்றுதான் கேட்டார்: "கிறிஸ்துமஸுக்கு விடுதியை மூடிவிடுவீர்களா?" மூடிவிடுவோம் என்றார் அவர். அந்த அம்மா கைப்பையிலிருந்து போனை எடுத்து, டிசம்பர் மாத விமானக் கட்டணத்தைத் தேட ஆரம்பித்தார்.